எலுமிச்சைக்குள் இடிந்த சுவர்

கீழப்பூலாங்குளத்தில் எலுமிச்சை விவசாயிகள் சங்கம் என்று ஒன்று இருந்தது. மொத்தம் நாலு பேர். ஆவுடையப்பன் தலைவர், சுடலையாண்டி செயலாளர், பூலுடையார் பொருளாளர், மாசிலாமணி ஆலோசகர். உறுப்பினர் மட்டும் யாரும் இல்லை.

அந்த வருஷம் நல்ல காய்ப்பு. இருபது மூட்டை பறித்து வைத்திருந்தார்கள். மறுநாள் வியாபாரி வருவதற்குள் அழுகிவிட்டால் வருஷத்துப் பாடெல்லாம் போச்சு. பயந்துபோய்த் தோட்டக்கலை அதிகாரியம்மாவிடம் ஓடினார்கள்.

அந்தம்மா பொறுமையாக விளக்கினார். பழத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டி அறைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் சுவர் உண்டு. உள்ளேயே இருக்கும் நொதிகள் அந்தச் சுவரைக் கரைப்பதால்தான் பழம் கொழகொழக்கிறது. கொதிக்கவைத்தால் நொதி செத்துவிடும், ஆனால் அது ஊறுகாய் போடுகிறவர்கள் பாடு. நீங்கள் நிழலில் வைத்தால் போதும்.

நால்வரும் கும்பிட்டுவிட்டு வந்து ஒரு பழத்தை அறுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாது என்றதால் மாசிலாமணி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். சுவரைக் காணோம்.

"இதுல இடிச்சிட்டான்," என்றார் தலைவர்.

அடுத்த பழத்திலும் இடித்திருந்தான். சுவர் நிற்கிற பழம் ஒன்றாவது அகப்படாதா என்று மூன்று மூட்டையை அறுத்துத் தள்ளினார்கள். நிலைமை மோசம் என்று செயலாளர் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்.

கொதிக்கவைப்பதா, நிழலில் வைப்பதா என்று அடுத்து விவாதம். ஒரு மணி நேரம் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஆலோசகர் வாயைத் திறந்தார்.

"அந்தம்மா ரெண்டையும்லா சொல்லிச்சு. ரெண்டையும் செய்வோம்."

கல்யாண அண்டாவைப் புளியமரத்தடிக்கு உருட்டிப்போய், நல்ல நிழலாகப் பார்த்து வைத்து, மிச்சம் பதினேழு மூட்டையையும் வேகவைத்தார்கள். பிறகு பூலுடையார் ஒவ்வொரு பழமாகக் காதில் வைத்துக் கேட்டார். உள்ளே சத்தமே இல்லை. அத்தனையும் செத்துவிட்டது என்று முடிவாயிற்று.

மறுநாள் வியாபாரி ஒரு பழத்தை எடுத்தார். அது அவர் விரலிடுக்கில் வழிந்தது. என்ன இது என்று கேட்டார். தலைவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்:

"கொழகொழக்க வைக்கிறவன் ஒருத்தனையும் உயிரோட விடல, அண்ணாச்சி."

வியாபாரி வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.

சங்கம் அவசரமாகக் கூடியது. இடித்தவனைக் கொன்றோமே தவிர, இடிந்ததைக் கட்டவில்லையே என்று சுடலையாண்டி குறை சொன்னார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. உடனே பக்கத்தூரிலிருந்து கொத்தனார் செல்லப்பாவை அழைத்து வந்தார்கள்.

அவர் ஒரு பழத்தை வாங்கி, நாலு பக்கமும் திருப்பி, டேப் வைத்து அளந்தார். வாசல் எந்தத் திசையில் வைக்க என்று கேட்டார்.

"வாசலே கூடாது," என்றார் தலைவர். "வாசல் வழியாத்தானே உள்ள வந்திருக்கானுவ."

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப வேலையை முடிச்சிட்டு நான் எப்படி வெளிய வர?"