வன்னி வேர் இறக்கிய கோடை

மரங்களுக்குக் காலும் வாயும் இருந்த அந்தக் காலத்தில், மணல் நாட்டில் மழை ஓரிடத்தில் தங்கியதில்லை. இந்த வருஷம் இங்கே நாலு தூறல், மறுவருஷம் வேறெங்கோ. மனிதர்களும் ஆடுமாடுகளும் மரங்களும் மேகத்தின் பின்னாலேயே அலைந்தார்கள்.

ஒரு வருஷம் முதல் தூறலை நம்பிச் சுகனி கம்பு விதைத்தாள். அவள் புருஷனை இழந்தவள், பிள்ளையும் இல்லை. தூறலோடு மழை போயே போய்விட்டது. ஊரார் மூட்டை கட்டினார்கள்.

"நீயும் வா. தனியாக இருந்து என்ன செய்யப் போகிறாய்?" என்றாள் நாத்தனார்.

"விதையைப் போட்டுவிட்டேனே, அண்ணி. முளைக்கிற நேரத்தில் ஆள் இல்லாவிட்டால் குருவிகள் கொத்திவிடும்."

ஒட்டகங்கள் மணல்மேட்டைத் தாண்டி மறைந்தன. சுகனிக்கு ஒரு சினையாடுதான் மிச்சம். மரங்களும் ஒவ்வொன்றாகப் போயின. எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு வன்னி மரம் அவள் வயல் வழியாக நொண்டிக்கொண்டே வந்தது.

"கொஞ்சம் நில். ஆடு ஈனப்போகிறது, அதுவரை நிழல் கொடு," என்றாள் சுகனி.

"நின்றால் மேகம் தப்பிவிடும், தாயே," என்றது வன்னி. ஆனாலும் நின்றது.

ஆடு இரண்டு குட்டி போட்டது. தின்னப் பச்சை இல்லாததால் மடி சுரக்கவில்லை. குட்டிகள் வற்றிய மடியை முட்டி முட்டிக் கத்தின. வன்னி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"மணலுக்கு அடியில், வெகு ஆழத்தில் ஈரம் மணக்கிறது," என்றது. "அதைக் குடித்தால் எனக்குத் தளிர் வரும். ஆனால் அவ்வளவு ஆழம் இறக்கிய காலைத் திரும்ப எடுக்க முடியாது."

சுகனி குட்டிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உன்னைப் போ என்று சொல்ல வாய் வரவில்லை. இரு என்று சொல்லவும் வரவில்லை," என்றாள்.

வன்னி காலை மண்ணில் ஊன்றியது.

கோடை முழுவதும் வேர் இறங்கியது. கொதிக்கிற வெயிலில் கிளையெல்லாம் தளிர்த்தது. ஆடு தின்றது, மடி சுரந்தது. அந்தப் பாலையும் வறண்ட குட்டையைத் தோண்டிக் கிடைத்த கலங்கல் நீரையும் குடித்துச் சுகனி உயிர் பிழைத்தாள். மாலையில் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் வேர் ஆழம் போகப் போக மரத்தின் குரலும் தூரமாகிக்கொண்டே வந்தது.

ஒருநாள் மழை கொட்டியது. சுகனி நனைந்தபடி ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள். "மழை வந்துவிட்டது. கேட்கிறதா?"

அடிமரத்தில் காதை வைத்துக் காத்திருந்தாள். மறுநாளும் போய்க் காத்திருந்தாள். அதன் குரல் தண்ணீரோடு கீழேயே தங்கிவிட்டது.

கம்பு முளைத்தது. மரத்தடியில்தான் பயிர் அடர்த்தி. கதிர் முற்றியபோது ஊரார் திரும்பினார்கள். மரங்களில் பெரும்பாலானவை திரும்பவில்லை, மழை நாட்டிலேயே நின்றுவிட்டன. அடுத்த உழவுக்கு, வழியை மறைக்கிறதென்று வன்னியை வெட்டக் கோடரி எடுத்தார்கள். சுகனி குறுக்கே நின்றாள்.

"ஏரைச் சுற்றி ஓட்டுங்கள்," என்றாள்.

அந்தக் கோடையிலிருந்துதான், மற்ற மரங்கள் காய்ந்து நிற்கிற வெயிலில் வன்னி தளிர்க்கிறது. மணல் நாட்டு உழவர்களும் அதை வயல் நடுவே விட்டு, ஏரைச் சுற்றித்தான் ஓட்டுகிறார்கள்.