முதலாளியின் தோள் துண்டு

நாச்சிமுத்துவின் சாயப்பட்டறையில் கழிவுநீரைச் சுத்தம் செய்து, திரும்பச் சாயத் தொட்டிக்கே அனுப்பும் இயந்திரம் ஒன்று இருந்தது. கரண்டுச் செலவு ஆகிறதென்று அதை நிறுத்திவிட்டார். நல்ல தண்ணீரைப் போர் போட்டு உறிஞ்சிக்கொண்டு, சாயத் தண்ணீரைப் பின்பக்க ஓடையில் விட்டார். ஓடை சிவந்தது, ஊர்க் கிணறுகள் வற்றின. ஊரே நியாயம் கேட்டுப் பட்டறைக்கு வந்துவிட்டது.

துணி அலசும் பாவாத்தாளை அவர் முன்னமே மிரட்டி வைத்திருந்தார். "ஓடையில வர்றது செம்மண் கலங்கல்னு நீ சொல்லோணும். இல்லீன்னா வேலைக்கு வராதே."

கூட்டம் கூடியதும் அவளைக் கூப்பிட்டார். ஓடையில் மொண்ட ஒரு வாளித் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"செம்மண்தானுங்க," என்றாள். ஊர் முணுமுணுத்தது. "ஆனா வெறும் வாயில சொன்னா நம்ப மாட்டாங்க மொதலாளி. மண்ணுன்னா அலசினாப் போயிரும். உங்க வெள்ளைத் தோள் துண்டைக் குடுங்க, இதுல முக்கி, அலசிக் காட்டிடறேன்."

நாச்சிமுத்துவின் கை துண்டுக்குப் போனது. போன கை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். அவருக்குக் காது மடல் சுட்டது. யாராவது திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

தலை குனிந்தபடி உள்ளே போய், இயந்திரத்தை அவரே ஓடவிட்டார்.

இப்போது பட்டறைத் தண்ணீர் பட்டறைக்குள்ளேயே சுற்றுகிறது. பாவாத்தாளும் வேலைக்கு வருகிறாள். அவளை எதிரில் கண்டால் மட்டும், முதலாளியின் கை தானாகத் தோளுக்குப் போய்விடுகிறது.