நரி வைத்த பண்டிகை விருந்து

ஓடைக்கரையில் நரி ஒரு வான்கோழியைப் பிடித்தது.

பிடித்தது என்று பெருமையாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. மலைமேல் தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்று இருந்தது. அன்று காலை அங்கே சமையல்காரர் எடை பார்ப்பதற்காகக் கூண்டைத் திறந்தார். வான்கோழி அவர் கைக்கடியில் புகுந்து ஓடியது. வேலியைத் தாண்டியது. சரிவில் உருண்டது. உருண்டு வந்து நின்ற இடத்தில் நரியின் நான்கு கால்கள் இருந்தன.

அந்த வான்கோழியின் பெயர் கனகாம்பரம். கழுத்துச் சதையின் நிறத்தைப் பார்த்துப் பங்களாப் பிள்ளைகள் வைத்த பெயர்.

"அசையாதே!" என்று நரி அதன் முதுகில் காலை வைத்தது. "மூணு வருஷம்! மூணு வருஷமா அந்தப் பங்களா ஜன்னல்ல மூக்கை வெச்சு மோந்துட்டு வெறும் வயித்தோட திரும்பியிருக்கேன். இன்னிக்கு நீயே தேடி வந்துட்ட!"

கனகாம்பரத்துக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் ஒரு விஷயம் அதன் காதில் விழுந்துவிட்டது. நரிக்கு வேண்டியது வெறும் கறி இல்லை. ஜன்னலுக்குள் இருந்து வந்த அந்த வாசனை.

"பச்சையாவா தின்னப் போறீங்க, நரியண்ணே?"

"யாரு சொன்னா? அங்கே மாதிரியே வாட்டித்தான்! ஆடியில மலை சரிஞ்சப்போ நாங்க நாலு பேரு பிழைச்சோம். அதுக்கு ஒரு விருந்து வெக்கணும்னு ரொம்ப நாளா நினைப்பு. பங்களாவுல நட்சத்திரம் தொங்க விட்டுட்டாங்க. பண்டிகை வந்தாச்சு. இன்னிக்கே வெச்சிடலாம்!"

"வாட்டத் தெரியுமா?"

நரி கொஞ்சம் தயங்கியது. "தீ மூட்டணும். மேலே போடணும்."

"ஜன்னல் வழியா எதைப் பார்த்தீங்க?"

"தட்டை."

"தட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி என்னெல்லாம் நடக்கும் தெரியுமா? என் கூண்டு சமையலறை வாசல்ல இருந்துச்சு. எல்லாம் எனக்குத் தெரியும். முதல்ல வாசனை இலை தடவணும். அது இல்லாம வாட்டினா கரிக்கட்டைதான்."

நரி காலை எடுத்தது. "என்ன இலை?"

பங்களாவில் தடவிய இலைகளின் பெயர் கனகாம்பரத்துக்குத் தெரியாது. அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னது. "விருந்துக்கு வர்றவங்க ஆளுக்கு ஒரு இலை கொண்டு வரணும். அதுதான் முறை."

நரி நின்ற இடத்திலிருந்தே ஊளையிட்டு மற்ற மூவரையும் இலையோடு வரச் சொன்னது. மதியத்துக்குள் மூன்று விருந்தாளிகளும் வந்து சேர்ந்தார்கள். கீரி ஒரு வேரைக் கவ்விக்கொண்டு வந்தது. காட்டுப்பூனை குப்பைமேனிச் செடியையும் தன் குட்டியையும் மாறி மாறித் தூக்கி வந்தது. குட்டியைப் பாறை இடுக்கில், காய்ந்த சருகின் மேல் படுக்க வைத்தது. கரடி கை நிறையக் கற்பூரவல்லியும் மண்ணோடு நாலு வள்ளிக்கிழங்கும் கொண்டுவந்தது.

"கிழங்கு எதுக்கு, மாமா?" என்றது நரி.

"நான் கறி தின்ன மாட்டேன்னு உனக்குத் தெரியாதா? அடியில இதைப் புதைச்சு விடு. எனக்கு அது போதும்."

"நீ என்ன இலை கொண்டு வந்த?" என்று பூனை நரியைக் கேட்டது.

நரி பக்கத்திலிருந்த அருகம்புல்லைப் பிடுங்கிக் காட்டியது.

"புல்லா! விருந்து வெக்கிறவரு புல் கொண்டு வர்றாரு!" பூனை சிரித்தது. "சரி, இந்தப் பறவை ஏன் இன்னும் உயிரோட நிக்குது?"

"உயிரோட ஊறினாத்தான் உள்ளே இறங்கும்," என்றது கனகாம்பரம் அவசரமாக.

"அப்போ இறகு?"

"இறகோட தடவினாத்தான் சாறு வழியாம நிக்கும், பூனையக்கா. இறகு கடைசியில."

"நல்லாப் பேசுதே!" என்றது கீரி. "ஊறப்போற பண்டமே ஊறவெக்கச் சொல்லிக் கொடுக்குது. நான் இப்படி ஒன்னைப் பார்த்ததில்லை."

தடவல் தொடங்கியது. கரடி கற்பூரவல்லியை உள்ளங்கையில் கசக்கி இறகுக்குள் தேய்த்தது. பெரிய கை. ஆனால் மெதுவாகத் தேய்த்தது. கீரி வேரை மென்று துப்பியது. நரி அருகம்புல்லைக் கழுத்தைச் சுற்றிச் செருகியது. கனகாம்பரம் கண்ணை உருட்டிக்கொண்டு வழி தேடியது. மேற்கே சரிவு. சரிவுக்குக் கீழே புதர். புதருக்கு அப்பால் நரிக்கு எட்டாத முள்காடு. பத்து எட்டு வைத்தால் போதும். ஆனால் எட்டுக் கண்கள் அதன் மேலேயே இருந்தன.

நரி தோட்டத்துக்கு ஓடியது. கொழுந்து பறிப்பவர்கள் தேநீர் காய்ச்சிவிட்டுப் போன அடுப்பிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையைக் கவ்வி வந்தது. மீசை பொசுங்கியதைப் பற்றி அது கவலைப்படவில்லை. குழி தோண்டி, கிழங்கைப் புதைத்து, மேலே விறகு அடுக்கித் தீ மூட்டினார்கள். விறகு எரிந்து கங்கு ஆனது. வெயில் சாய ஆரம்பித்தது.

"ஆச்சு!" என்றது நரி. "இப்போ இறகைப் பிடுங்கலாமா?"

"பிடுங்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒன்னு இருக்கு."

"இன்னுமா!" என்று பூனை கத்தியது.

"பங்களாவுல எல்லாரும் மேசையைச் சுத்தி நிப்பாங்க. கண்ணை மூடிக்குவாங்க. ஒவ்வொருத்தரும் யாருக்காவது நன்றி சொல்லணும். எல்லாரும் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது."

இது பொய் இல்லை. கனகாம்பரம் தன் கண்ணால் பார்த்ததுதான். பொய் அதன் மனதில் இருந்தது. கண்கள் மூடும். ஒவ்வொரு நன்றிக்கும் இரண்டு மூன்று எட்டு பின்னால் வைக்கலாம்.

நரி யோசித்தது. "ஆமா, கண்ணை மூடிட்டுத்தான் நின்னாங்க. நானே பார்த்திருக்கேன். சாப்பாட்டை முன்னாடி வெச்சுட்டு இவங்க ஏன் தூங்குறாங்கன்னு நினைச்சேன்!"

எல்லாரும் வட்டமாக நின்றார்கள். கண்களை மூடினார்கள்.

"நான் முதல்ல சொல்றேன்," என்றது கீரி. "மலை சரிஞ்ச அன்னிக்கு ஒரு பொந்துக்குள்ள விழுந்தேன். வாசல் அடைஞ்சுபோச்சு. உள்ளே பார்த்தா ஒரு நாகம். மூணு நாள் நானும் அதுவும். அது கடிக்கலை. நானும் கடிக்கலை. மூணாவது நாள் மண்ணு கரைஞ்சதும் அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போயிட்டோம். அந்த நாகத்துக்கு நன்றி. இதை வெளியே சொல்லாதீங்க, எனக்கு மரியாதை போயிடும்."

கனகாம்பரம் மூன்று எட்டு பின்னால் வைத்தது.

"நான் ஒரு பலாமரத்தைக் கட்டிப்பிடிச்சிருந்தேன்," என்றது கரடி. "என் கனம் உங்களுக்குத் தெரியும். மழை, மண்ணு, கல்லு எல்லாம் அதும் மேலே. அது சாயலை. விடிஞ்சு நான் இறங்கிப் பத்து அடி நடந்திருப்பேன். அப்புறம்தான் சாஞ்சுது. அந்த மரத்துக்கு நன்றி."

இன்னும் மூன்று எட்டு.

அடுத்தது பூனை. அது பாறை இடுக்கின் பக்கம் காதைத் திருப்பியது.

"அக்கா?" என்றது கீரி.

"எனக்கு யாரும் ஒன்னும் செய்யலை."

"யோசிச்சுப் பாருங்க."

"மூணு குட்டி இருந்துச்சு," என்றது பூனை. "ஒன்னு மிச்சம் இருக்கு. அதை மிச்சம் வெச்சது யாரோ தெரியாது. யாரா இருந்தாலும், நன்றி."

கனகாம்பரம் ஒரு எட்டுதான் வைத்தது. பிறகு நினைவு வந்து இன்னும் இரண்டு வைத்தது. கால் புதரில் பட்டது. திரும்பி ஓடினால் முள்காடு.

நரியின் முறை வந்தது. தொண்டையைச் செருமியது.

"நான் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன். முயல் தின்னா வயிறு ஊதுது, அதான் விட்டுட்டேன்னு. ஊதாது. அன்னிக்கு நான் ஒரு முயலைப் பிடிச்சுட்டேன். வாயில இருந்துச்சு. அப்போதான் மலை சரிஞ்சுது. கழுத்து வரைக்கும் என்னைச் சேறு மூடிடுச்சு. முயல் வாயிலேர்ந்து நழுவி மேலே ஏறிடுச்சு. காலு ஒடிஞ்சிருந்துச்சு. நான் ஒடிச்ச காலுதான். அது ஓடிப் போயிருக்கணும் இல்லையா? போச்சு. கொஞ்ச தூரம் போச்சு. நான் கத்தினேன். கத்தின வாயிலயும் மூக்குலயும் சேறு ஏறிடுச்சு. திரும்பி வந்து என் மூக்குகிட்ட இருந்த சேத்தைத் தோண்டிச்சு. மூச்சு வர்ற அளவுக்குத் தோண்டிட்டுத்தான் போச்சு. ஏன் தோண்டிச்சுன்னு நான் கேட்கலை. கேட்க வாயும் இல்லை, வாய் முழுக்கச் சேறு. அந்த முயலுக்கு..."



அப்போது காற்று வீசியது.

மார்கழி மாதத்து மாலைக் காற்று. மழை நின்று பல வாரங்களாகிவிட்டதால் சரிவில் புல் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. குழியிலிருந்து ஒரு கங்கு பறந்து அந்தப் புல்லில் விழுந்தது. முதலில் புகை. பிறகு ஒரு சின்னச் சுடர். அது பாறையை நோக்கி ஊர்ந்தது. பாறை இடுக்கில் சருகு. சருகின் மேல் பூனைக்குட்டி.

நரிக்குத் தீயை மூட்டத் தெரியும். தீக்குக் காவல் வேண்டும் என்பது தெரியாது. ஜன்னல் வழியாகப் பார்த்தவனுக்கு அடுப்பின் இரும்புக் கதவு எங்கே தெரியப் போகிறது? விருந்து வைத்தவனும் விருந்துக்கு வந்தவர்களும் நல்ல பிள்ளைகளாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்.

திறந்திருந்த கண்கள் கனகாம்பரத்தின் கண்கள் மட்டும்தான்.

அது போயிருக்கலாம். பின்னால் முள்காடு. தீயைப் பார்த்ததும் இவர்கள் குழம்பி ஓடுவார்கள். துரத்த யாரும் இருக்க மாட்டார்கள். இதைவிட நல்ல சமயம் வராது என்று அதற்கு நன்றாகத் தெரிந்தது.

ஒரு காலைப் புதருக்குள் வைத்தது. முயலின் ஒடிந்த கால் நினைவுக்கு வந்தது. அந்தக் காலோடு அது திரும்பி வந்திருக்கிறது.

"தீ! தீ! பூனையக்கா, குட்டி!" என்று கனகாம்பரம் அலறியது.

எட்டுக் கண்களும் திறந்தன. பூனை ஒரே பாய்ச்சலில் பாறைக்குப் போய்க் குட்டியைக் கவ்வியது. கரடி ஓடை மண்ணைக் கை கையாக வாரி எறிந்தது. கீரி புல்லைப் பறித்துத் தீக்குக் குறுக்கே வழி வெட்டியது. நரி வாலை ஓடையில் நனைத்து அடித்தது. கனகாம்பரம் தன் பெரிய இறக்கைகளால் அடித்தது. இறகில் ஊறியிருந்த இலைச் சாறு சுரீர் என்றது. காடெல்லாம் கற்பூரவல்லி வாசனை.

தீ அணைந்தது.

கரடிக்கு உள்ளங்கை கொப்பளித்திருந்தது. நரிக்கு மீசையோடு வால் முடியும் பொசுங்கிப் போயிருந்தது. எல்லாரும் மூச்சு வாங்கினார்கள்.

"நீ எங்கே நின்னுட்டிருந்த?" என்று நரி மெதுவாகக் கேட்டது.

"புதர்கிட்ட."

"ஓடப் பார்த்தியா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் கத்தின?"

"தெரியலை," என்றது கனகாம்பரம். அது உண்மை.

நரி அதைப் பார்த்தது. பசித்த வயிறு. முன்னால் கொழுத்த வான்கோழி. நாலு மூலிகையும் தடவி, அரைவாசி வாட்டியும் ஆகிவிட்டது. நரிக்கு எச்சில் ஊறியது. விழுங்கியது. மறுபடியும் ஊறியது. மறுபடியும் விழுங்கியது.

"முயல் போச்சு," என்றது கடைசியில். "இப்போ வான்கோழியும் போச்சு. இப்படியே ஒன்னொன்னா விட்டுட்டே வந்தா நான் எதைத் தின்னு பிழைக்கிறது, மாமா?"

கரடி குழியைக் கிளறிக் கிழங்குகளை வெளியே உருட்டியது. "இன்னிக்கு இதைத் தின்னு. நாளையை நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"கிழங்கா! இதுக்கா மூணு வருஷம் ஜன்னல்ல நின்னேன்!"

அதிகம் முணுமுணுப்பது பூனைதான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பூனை குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கிச் சொன்னது: "அது இன்னும் சொல்லலையே."

"எது?"

"வான்கோழி. நாம நாலு பேரும் சொன்னோம். அதோட முறை பாக்கி."

கனகாம்பரம் திகைத்துப்போனது. "எனக்கா?"

"நீயும் இங்கேதானே நிக்கிற," என்றது பூனை.

மறுபடியும் வட்டமாக நின்றார்கள். கண்களை மூடினார்கள். கீரி மட்டும் மூடவில்லை. "தீயை யாராவது பார்த்துக்கணும் இல்ல?" என்றது.

கனகாம்பரம் பொசுங்கிய இறக்கைகளை மடித்துக்கொண்டது. பிறகு சொன்னது.

"போன வருஷம் பங்களாவுல எல்லாரும் இப்படித்தான் நின்னாங்க. ஆண்டவருக்கு நன்றி சொன்னாங்க. சமையல்காரருக்குச் சொன்னாங்க. தூரத்துல இருந்து வந்த சித்திக்குச் சொன்னாங்க. எல்லாரும் நல்லவங்க. மேசை நடுவுல தட்டுல என் அண்ணன் இருந்தான். அவனுக்கு யாரும் சொல்லலை. அவனையும் யாரும் எதுவும் கேட்கலை. என்னை நீங்க கேட்டீங்க. அதுக்கு நன்றி."

நரி கண்ணைத் திறக்காமலே தன் கிழங்கைப் பாதியாகப் பிட்டு, பெரிய பாதியை அதன் பக்கம் தள்ளியது.

தன் உயிர் யாரால் மிஞ்சியது என்பதை மறக்காதவர், இன்னொரு உயிரைத் தன் தட்டில் இருக்கும் பண்டமாகப் பார்க்க மாட்டார்.