பச்சியண்ணன் ருசி பார்த்த பீர்

மெல்போர்னில் ஈரோட்டுக்காரர் ஒருத்தர் கார் ஷெட்டில் சொந்தமாகப் பீர் காய்ச்சுகிறார் என்றால் அது நம்ம சதாசிவம்தான். ரெண்டு தடவை போட்டு, ரெண்டையும் சாக்கடையில் ஊற்றியாச்சு. மூணாவதும் கெட்டுப்போனால் பக்கெட், குழாய், பாட்டில் அத்தனையும் குப்பைக்குத்தான் என்று மனைவி வளர்மதி கறாராகச் சொல்லிவிட்டாள். இன்றைக்கு மூடியைத் திறந்தால் குப்பென்று புளிப்பு வாடை. கடைக்குப் போன வளர்மதி ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவாள். சதாசிவத்துக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் பச்சியண்ணனைக் கூப்பிட்டான். பத்து வருஷமாக வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற கோபிச்செட்டிபாளையத்துக்காரர். கூடவே, சதாசிவத்தோடு வேலை பார்க்கும் அருள்தாஸும் வந்தான். பச்சியண்ணன் பக்கெட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுச் சம்பிரமமாக உட்கார்ந்தார்.

"இதெல்லாம் ஒரு வாடையாப்பா? எனக்கு மொதல் தடவை வெண்ணெய் வாடை. விட்டனா? மத்தை எடுத்து ஒரு கடை கடைஞ்சேன். நாலு கிலோ வெண்ணெய் தெரண்டு மேல வந்துபோட்டுது! உருக்கி நெய்யாக்கி, தீபாவளிக்குத் தெரு பூராவும் மைசூர்பாகு. அடியில நின்னது பளிங்காட்டம் பீரு."

"பீர்ல நெய்யி?" என்றான் அருள்தாஸ்.

"நீ எங்க திங்கறது? அந்த வருஷம் நீ ஊருக்குப் போயிட்டே."

"அண்ணா, இது புளிப்புங்ணா," என்று சதாசிவம் கெஞ்சினான். "புளிப்புக்கு என்னங்க பண்றது?"

"வர்றேன் இருப்பா. அடுத்த தடவை காத்து பட்டு அட்டைப்பெட்டி வாடை. கூரியர்காரன் வாசல்ல வந்தான், மோந்து பார்த்தான், பார்சல்னு நெனச்சு பக்கெட்டு மேல சீட்டை ஒட்டித் தூக்கிட்டுப் போயிட்டான். பெர்த்துக்குப் போயி, டார்வினுக்குப் போயி, பதினெட்டாம் நாள் திரும்பி வருது. வாடை பூராவும் வழியில மத்த பெட்டிகளோட போயிருச்சு. பீரு கமகமங்குது!"

"விலாசம் யாரு எழுதுனது?"

"கேள்வி கேக்கறதுக்குன்னே பொறந்திருக்கியேடா! மூணாவதைக் கேளு. குழாய்த்தண்ணியில குளோரின் போறதுக்குள்ள ஊத்திப்போட்டேன். ஒரே ஆஸ்பத்திரி வாடை. பொழுது விடியறப்ப வாசல்ல நாப்பது பேரு டோக்கன் கேட்டு நிக்கறாங்க. காலுல கட்டுப் போட்டு வந்தவன் ஒரு மடக்கு குடிச்சான், கட்டை அவுத்தெறிஞ்சுட்டு ஓட்டமா ஓடறான். ஒரு பொம்பளைக்கு வாடையை மோந்ததுமே ரெட்டைப் பிள்ளை, என்ற ஷெட்லயே! ரெண்டுத்துக்கும் பச்சியண்ணன்னுதான் பேரு."

"ரெண்டுக்குமேவா? கூப்பிட்டா எது வரும்?"

"ரெண்டும் வரும். மரியாதை தெரிஞ்ச பசங்க."

சதாசிவம் கடிகாரத்தைப் பார்த்தான். இந்த மனுஷனைப் போய்க் கூப்பிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. அருள்தாஸ்தான் குனிந்து பக்கெட்டை மோந்து பார்த்தான்.

"ஏப்பா, இதை எதை வச்சுக் கலக்குனே?"

"கையை விட்டுத்தான். இட்லி மாவைக் கையாலதானே கலக்கறோம்? கைச்சூடு பட்டாத்தான் நல்லாப் புளிக்கும்னு..."

"அடப்பாவி! மாவு புளிக்கணும்டா. பீரு புளிக்கக் கூடாது!"

சதாசிவம் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

வளர்மதி பையோடு நேராக ஷெட்டுக்கே வந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"இதுவும் போச்சுங்களா?"

சதாசிவம் வாயைத் திறப்பதற்குள் பச்சியண்ணன் எழுந்துவிட்டார். "அம்மிணி, அவசரப்படாதே! நான் ஒரு மடக்கு வாயில வச்சாப் போதும். புளிப்பு அரண்டுபோய், பக்கெட்டை விட்டு எறங்கி, பஸ்ஸைப் புடிச்சு, எங்கயாச்சும் ஒரு எலுமிச்சங்காய்க்குள்ள போய் ஒளிஞ்சுக்கும்!"

"அப்படிங்களாண்ணா?" வளர்மதி உள்ளே போய்ப் பெரிய டம்ளர் ஒன்றை எடுத்து வந்தாள். விளிம்பு வரைக்கும் மொண்டு, ரெண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். "குடிங்க."

வேறு வழியில்லை. பச்சியண்ணன் ஒரு பெரிய மடக்கு குடித்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. காது ரெண்டும் சிவந்தன. துப்பலாமென்றால் எதிரில் பெண்பிள்ளை, விழுங்கலாமென்றால் தொண்டை வழிவிடவில்லை. கன்னம் உப்பிப்போய் நின்றார். அருள்தாஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், அவன் தோள் மட்டும் குலுங்கியது.

ஒரு நிமிஷம் ஆச்சு. ரெண்டு நிமிஷம் ஆச்சு. பச்சியண்ணன் வாய் திறந்தபாடில்லை. சதாசிவம் பக்கெட்டைக் கடைசியாக ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, குப்பைக்குத் தூக்கிப்போகக் குனிந்தான்.

"ஏனுங்க, அதைக் கீழ வைங்க," என்றாள் வளர்மதி. "கொட்ட வேண்டாம். அடுத்த மாசமும் போடுங்க. அண்ணன் பேச்சை நிறுத்தறதுக்கு நம்ம வீட்டுல இத்தன நாளா ஒண்ணுமே இல்லாம இருந்துதுங்க."