சங்கிலி குளிக்க மாட்டேங்குறாரு

தனபாக்கியம் புருசன் சங்கிலியை அடிச்சது காலையில எட்டரை மணிக்கு. மத்தியானம் ஆயிருச்சு, கை இன்னும் காந்திக்கிட்டே இருந்துச்சு.

அடிச்ச கையோட உலை வச்சா, குழம்பு கூட்டுனா, சோத்தைக் குழையப் பிசைஞ்சு ஊட்டவும் போனா. சங்கிலி வாயைத் திறக்கல. செவுத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டாரு. முப்பது வருசம் டவுன் பஸ்ல கண்டக்டரா நின்னு ஊரையே அதட்டுன மனுசன். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயி ஏழு மாசமாச்சு.

ரெண்டு மணிக்கு ஆதிரை வந்தாங்க. மருந்துக் கடையில பில்லு போடுறவங்க, நாப்பத்தோரு வயசு. ஞாயித்துக்கிழமையானா அவங்க வீட்டு மொட்டை மாடியில பத்துப் பேரு தியானத்துக்குக் கண்ணை மூடி உக்காருவாங்க; அவங்களுக்கெல்லாம் ஆதிரைதான் குரு. அந்தப் பத்துப் பேர்ல நடுவுல கண்ணைத் திறக்குறதும் தனபாக்கியம்தான், எதுத்துக் கேள்வி கேக்குறதும் தனபாக்கியம்தான். குருவை விட பதினேழு வயசு மூத்தவ. ஆனாலும் அவங்களை 'அம்மா'ன்னுதான் கூப்பிடுவா. அவங்க இவளை 'அக்கா'ம்பாங்க.

"மூணு வாரமா ஆளைக் காணோமேக்கா."

"நான் அங்க வந்து கண்ணை மூடி உக்காந்தா, இங்க எவ பீத்துணி அலசுவா?"

குரு சிரிச்சாங்க. தனபாக்கியம் சிரிக்கல.

"ஒண்ணு கேக்கணும்மா. சுத்தி வளைக்காம பதில் சொல்லணும்."

"கேளுங்க."

"காலையில அவரை அடிச்சிட்டேன். கன்னத்துல. இனிமே இவரை நான் வச்சுப் பாக்கலாமா, முதியோர் ஹோம்ல சேத்துரட்டுமா? வெள்ளிக்கிழமை இடம் இருக்குன்னு சொல்லியிருக்காங்க."

"எதுக்கு அடிச்சீங்க?"

"ஷவரு."

தனபாக்கியமே கொட்டித் தீத்தா.

"இத்தனை நாளும் துணியை நனைச்சுத் துடைச்சுதான் விட்டேன். இப்ப நாற்காலியில உக்கார்றாருல்ல, குளிப்பாட்டுங்கன்னு எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்குறவரு சொன்னாரு. கப்புல மொண்டு ஊத்துனா மூச்சு முட்டும், ஷவரை மெதுவாத் திறந்து விடுங்கன்னாரு. பதினோரு நாளா அப்படித்தான். முதல்ல நல்லா வெதுவெதுன்னு வருது. பாதியில கொதிக்கக் கொதிக்கக் கொட்டுது. இவரு மாடு மாதிரி அலறுறாரு."

"பிளம்பர் பாத்தாரா?"

"ரெண்டு தடவை வந்தான். வாசல்ல நின்னு கையை நீட்டிப் பாத்துட்டு, நல்லாத்தானேம்மா வருதுங்குறான். நான் பாத்தாலும் நல்லாத்தான் வருது. இவரை உக்கார வச்சாதான் அதுக்குப் பேய் புடிக்குது. சரி, அது மிசினு. இவரு மனுசன்தானே? ஷவர் சுட்டா ஷவரைக் காட்டணும். இவரு வாளியை உதைக்கிறாரு. தண்ணியோட. ஒரு நாள் விடாம. இன்னைக்கு அந்தத் தண்ணியில வழுக்கி விழுந்து எனக்கு இடுப்பே போச்சு. எந்திரிச்சு ஒண்ணு விட்டேன்."

குரு எந்திரிச்சு பாத்ரூமுக்குப் போனாங்க.

"நான் கேட்டதுக்குப் பதில் அங்க இல்லம்மா." தனபாக்கியம் பின்னாடியே போனா. "பிளம்பரைக் கேக்கல நான். உங்களைக் கேக்குறேன்."

ஷவருக்கு நேர் கீழ சங்கிலியோட பிளாஸ்டிக் நாற்காலி. குரு கட்டின புடவையோட அதுல உக்காந்தாங்க.

"என்னம்மா பண்றீங்க? கடைக்குப் போகணும்ல?"

"காஞ்சிரும். அவருக்கு எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்க. ஒண்ணும் விட்டுராதீங்க. திட்டுறதைக் கூட."

"திட்டு வரலம்மா. அலுப்பா இருக்கு."

"உங்களுக்கா? அப்ப நிஜமாவே அலுப்புதான்."

தனபாக்கியம் கீசரைப் போட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு சுடுதண்ணித் திருகையும் பச்சத்தண்ணித் திருகையும் மாத்தி மாத்தித் திருகி, முழங்கையில பதம் பாத்து வெளாவுனா. குரு தலையில தண்ணி இதமா இறங்குச்சு.

"அடுத்து?"

"சோப்பு. அதுக்கு முன்ன வாளியில தண்ணி புடிச்சு வைப்பேன்."

"எதுக்கு?"

"சோப்பும் கையுமா இருக்கும்போது ஷவர் நின்னுச்சுன்னா?"

"நின்னுருக்கா?"

"போன வருசம் ஒரு தடவை நின்னுச்சு."

"சரி, புடிங்க."

வாளி வழக்கமா இருக்குற இடத்துல, நாற்காலியோட இடது பக்கம் இருந்துச்சு. தனபாக்கியம் செவுத்தோரக் குழாயைத் திறந்தா. வாளி பாதி நிறைஞ்சிருக்கும். குரு பிடரியில தண்ணி கொதிச்சு இறங்குச்சு.

அவங்க கத்தல. கையை நீட்டுனாங்க. குழாய் எட்டல. ஷவர் திருகும் எட்டல. இடது கால் தானா நீண்டுச்சு. வாளி கவுந்து தண்ணி வாசப்படி வரைக்கும் ஓடுச்சு.

தனபாக்கியம் குழாயை மூடிட்டு வாளியை நிமித்துனா. ஷவர் பழையபடி இதமாயிருச்சு.

"இப்ப என்ன செஞ்சீங்கக்கா?"

"வாளியை நிமித்துனேன்."

"அதுக்கு முன்ன?"

"குழாயை மூடுனேன். வாளி கவுந்து கிடக்கும்போது தண்ணி வீணா..."

நிறுத்திட்டா. குழாயைத் திரும்பத் திறந்து, ஷவருக்குக் கீழ கையை நீட்டுனா. கொஞ்ச நேரத்துல சுட்டுச்சு. மூடுனா. இதமாச்சு. இன்னொரு தடவை திறந்தா, மூடுனா. இந்தக் குழாய்க்கும் ஷவருக்கும் பச்சத்தண்ணி ஒரே பைப்புல வருது. கீழ குழாயைத் திறந்தா பச்சத்தண்ணி மேல ஷவருக்கு ஏறல. சுடுதண்ணி மட்டும் தனியாக் கொட்டுது.

"பிளம்பர் வந்தப்ப வாளி புடிக்கல," அப்படின்னா மெதுவா.

குரு தலையைக் குனிஞ்சு காட்டுனாங்க. பிடரி செவசெவன்னு இருந்துச்சு.

"வாளியைத் தள்ளுனா நான் குழாயை மூடிருவேன்னு இவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"கால் மட்டும்தான் எட்டுதுக்கா."

தனபாக்கியம் ஈரத் தரையில அப்படியே உக்காந்துட்டா. அழுகை வரும்னு பாத்தா. அதுக்கும் தெம்பு இல்ல. உள்ள கட்டில் கிறீச்சுன்னுச்சு. சங்கிலி புரண்டு படுத்திருக்கணும்.

"பதினோரு நாளும்மா."

"ம்."

"கொழுப்புன்னேன். காலை ஒடிச்சுப் போடுவேன்னேன். எம்புட்டுச் சொல்லியிருக்கேன்."

"ம்."

"இப்பப் போய் மன்னிச்சிருங்கன்னு சொன்னா, சரின்னு சொல்ல அவருக்கு வாயில்ல. மன்னிச்சாரா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"முரண்டு புடிக்காம வந்து இதுல உக்காந்தா தெரிஞ்சிரும்."

"வரலைன்னா?"

குரு நாற்காலியை விட்டு எந்திரிச்சு முந்தானையைப் பிழிஞ்சாங்க.

"வாளி புடிக்காம திரும்பக் கூப்பிடுங்க. நாளைக்கும் குளிக்கணும்லக்கா."