தங்கத்தின் குஞ்சு

"என்னைத் திருப்பிக் கூப்பிட்டுக்கோங்க, சாமி. என்னால முடியலைங்க."

மருதாசலம் வந்த காலோடு சொன்னது இதுதான். வாசலில் கால் கழுவக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

செங்கோட்டுச் சாமி பறவைக் கூண்டின் முன்னால் குந்தியிருந்தார். "வா, உக்காரு" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

பவானி ஆற்றங்கரையில் இருந்த அந்த மடத்தில்தான் மருதாசலம் பாதி ஆயுளைக் கழித்தான். தலை நரைத்த பிறகும் சாமிக்கு முன்னால் அவன் சின்னப் பிள்ளைதான். போன ஆடியில் சாமி அவனை வாய்க்கால் ஓரத்துச் சிறிய மடத்துக்கு அனுப்பினார். வருகிறவர்களுக்கு ஆறுதலாக ரெண்டு வார்த்தை சொல்லு, அது போதும் என்றார்.

போனான். ஆட்களும் வந்தார்கள். யார் எதைக் கேட்டாலும் அவன் உள்ளே போய்ச் சாமிக்குப் போன் போடுவான். அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் வெளியே வந்து சொல்வான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ராமாத்தாள் வரும்வரை அப்படித்தான் ஓடியது.

அவளுடைய ஒரே மகனை வாய்க்கால் கொண்டுபோய்விட்டது. ஒருநாள் விடிந்ததும் வந்து மருதாசலத்தின் முன்னால் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே ஓடிப் போன் போட்டான். அன்றைக்கென்று பார்த்துச் சாமி எடுக்கவில்லை. உச்சிப்பொழுது வரைக்கும் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அவள் இல்லை.

"இப்ப அந்தம்மா வாய்க்கால் மேட்டுலயே கெடக்குதுங்க. யாரோடவும் பேச்சில்லை. எம் முன்னால வந்து உக்காந்துச்சு, எனக்கு வாயில ஒரு சொல்லு வரலைங்க சாமி."

சொல்லும்போதே அழுதுவிட்டான்.

"சத்தம் போடாதே. கேளு" என்றார் சாமி.

கூண்டில் கட்டியிருந்த மண்பானைக்குள் ஒரு குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. பசிக் கத்தல்.

அது தங்கத்தின் குஞ்சு. சாம்பல் உடம்பும் தலையில் கொண்டையும் கன்னத்தில் காவிப் பொட்டும் உள்ள பறவை தங்கம். கடையில் காக்கட்டீல் கிளி என்பார்கள். மடத்துக்கு ஏற்ற பொட்டு என்று ஊரார் கேலி பேசுவார்கள். இறகு முளைக்கும் முன்னே தாயிடமிருந்து எடுத்துக் கையால் ஊட்டினால் மனிதரோடு ஒட்டிக்கொள்ளும் என்று பறவை வளர்க்கிற ஒருவர் சொல்ல, சாமி அப்படியே எடுத்தார். சிரிஞ்சில் கஞ்சி ஊட்டினார். அந்தக் கஞ்சியை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்துக் கொடுத்தவன் மருதாசலம்.

தங்கமும் ஒட்டிக்கொண்டது. சாமியின் தோளை விட்டு இறங்காது.

இப்போது அதற்கு ஜோடி சேர்ந்து, குஞ்சும் பொரித்தாயிற்று. ஆண் பறவை ஒற்றையாக ஊட்டிப் பார்த்து ஓய்ந்துவிட்டது. தங்கம் பானைப் பக்கமே போகவில்லை. மற்ற குஞ்சுகள் செத்துப்போய் இது ஒன்றுதான் மிச்சம்.

"காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சும்பாங்களே, சாமி."

"காக்காயைக் காக்காய் வளத்துச்சு, மருதாசலம்."

சாமி கூண்டுக் கதவைத் திறந்தார். தங்கம் நேராக அவர் கைக்கு வந்தது. தலையை மேலும் கீழும் ஆட்டித் தொண்டையிலிருந்து தினையை எடுத்து, அவருடைய கட்டை விரல் நகத்தின்மேல் வைத்தது. பதமாக, ஒன்றும் சிந்தாமல் வைத்தது. தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டுவது அப்படித்தான்.

பானைக்குள் குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது.

மருதாசலத்துக்குப் பொறுக்கவில்லை. "சிரிஞ்சு எங்கிருக்குதுங்க? நான் கஞ்சி காச்சி ஊட்டறேன். பொழச்சுக்கும்."

"பொழச்சுக்கும். அப்புறம்?"

மருதாசலம் சாமியின் நகத்தின்மேல் இருந்த தினையைப் பார்த்தான்.

பக்கத்துக் கூண்டில் இன்னொரு ஜோடி இருந்தது. தாயிடமே வளர்ந்தவை. முரட்டுப் பறவைகள், யாரும் பெயர்கூட வைக்கவில்லை. அவற்றின் பானையிலும் இதே பருவத்துக் குஞ்சுகள் இருந்தன. இதையும் அதில் கொண்டுபோய் விடு என்றார் சாமி. சேர்த்தாலும் சேர்க்கும், கொத்திக் கொன்றாலும் கொல்லும் என்றும் சொன்னார்.

மருதாசலம் குஞ்சை எடுத்து அந்தப் பானைக்குள் கையை விட்டான். தாய்ப்பறவை கடித்த கடியில் ரத்தம் வந்தது. குஞ்சை வைத்துவிட்டுத்தான் கையை எடுத்தான்.

இருவரும் காத்திருந்தார்கள்.

திடீரென்று கத்தல் நின்றது.  கொன்றேவிட்டது என்று மருதாசலம் நினைத்தான்.

கொஞ்சம் கழித்துப் பானைக்குள்ளிருந்து இரை விழுங்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். அந்த முரட்டுத் தாய் எல்லாக் குஞ்சுக்கும் ஊட்டிக்கொண்டிருந்தது.

தங்கம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நகத்தின்மேல் இன்னும் தினை வைத்துக்கொண்டிருந்தது.

"நல்ல மனசோடதான் ஊட்டினேன்" என்றார் சாமி. அவர் கண் கலங்கி மருதாசலம் இதற்கு முன் பார்த்ததில்லை. 

அவரைத் தேற்றவும் அவனுக்குத் தெரியவில்லை. வழக்கமாகக் கேட்பதையே கேட்டான்.

"அந்தம்மாகிட்ட நான் என்னங்க சாமி சொல்லோணும்?"



"விடிஞ்சதுல இருந்து உச்சி வரைக்கும் உம் முன்னால உக்காந்திருந்துச்சே, கண்ணு. சாப்பிட்டியான்னு கேட்டியா?"

"அதைக் கேக்கலாமான்னு உங்ககிட்டத்தான் போன்ல..."

பாதியில் நின்றுவிட்டான்.

சாமி கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். தங்கம் அதைத் தேடிக் கத்தியது. முஷ்டியைக் கொத்திக் கொத்திக் கத்தியது. அவர் கையை விரிக்கவில்லை.

மருதாசலம் உத்தரவு கேட்காமல் எழுந்து வாய்க்கால் மேட்டுக்குக் கிளம்பினான்.