காலிப் பையில் ஒரு முடிச்சு

செல்லப்பாண்டி மாணவர் விடுதியின் துணைக் காப்பாளராகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு திருடன் அகப்பட்டுவிட்டதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். சட்டையை இன்னொரு தடவை தேய்த்துப் போட்டுக்கொண்டு, பேராசிரியை மரகதவல்லியைப் பார்க்கப் புறப்பட்டார்.

அந்த வேளாண் பல்கலைக்கழகத்தில் பழவியல் துறைக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கும் பேராசிரியைதான் தலைவர். செல்லப்பாண்டியும் ஒரு காலத்தில் அவரிடம் ஆராய்ச்சி செய்தவர்தான். இன்றைக்கும் அந்த அறைக்குள் நுழைந்தால் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

"மேடம், ஆராய்ச்சித் தோட்டத்துல கொய்யா திருடின பையனைப் பிடிச்சாச்சு. ரெண்டாம் வருஷம், இசக்கிராஜ்."

"எப்படிப் பிடிச்சே?"

"ரூம் பூரா கொய்யா வாசனை. கேட்டேன். மத்தவங்க முழிச்சாங்க. இவன் மட்டும் நான்தான்னு சொல்லிட்டான்."

"தானாச் சொன்னானா?"

"சொன்னான். ஆனா ஆள் பலே கில்லாடி மேடம். பழத்தை மட்டும் உருவிட்டு, காலிப் பையைப் பழையபடி காம்புல கட்டி வச்சிருக்கான். பெனாசிர் இன்னைக்கு அறுவடைக்குப் போய்ப் பையைத் தொட்டப்பதான் விஷயமே தெரிஞ்சிருக்கு."

பெனாசிர் ஆராய்ச்சி மாணவி. பழ ஈ அண்டாமல் இருக்க எந்தப் பை நல்லது என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. ஒரு மரத்துக்குத் துணிப் பை, ஒரு மரத்துக்குக் காகிதப் பை என்று பிஞ்சிலேயே ஒவ்வொன்றாகக் கட்டி, பழுக்கும்வரை காத்திருந்தாள். துணிப் பை மரம் மொத்தமும் காலி.

"என்ன செய்யலாம்கறே?" என்றார் பேராசிரியை.

"திருட்டுன்னா விடுதியை விட்டு அனுப்பணும். விதி அதுதான்."

விதி அதுதான். இசக்கிராஜின் ஊருக்கு மூன்று பஸ் மாற வேண்டும். வெளியில் அறை எடுத்துப் படிக்க வைக்கும் வசதி வீட்டில் இல்லை. விடுதி போனால் படிப்பும் போகும் என்பது செல்லப்பாண்டிக்கும் தெரியும். ஆனால் முதல் வழக்கிலேயே விட்டுக்கொடுத்தால் பையன்கள் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்களே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"தண்டிக்காம எப்படி மேடம் கட்டுப்பாடு வரும்? கொய்யாவையே கிளையை வெட்டிக் கவாத்து பண்ணினாத்தானே காய்க்குது?"

"கவாத்து பண்ணின மரத்தை அப்புறம் என்ன செய்வே? பிடுங்கி ரோட்டுல போட்டுடுவியா?"

பேராசிரியை நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அந்தப் பையனைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டு வா. பெனாசிரையும் வரச் சொல்லு."

தோட்டத்தில் இசக்கிராஜ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். மரம் நிறைய வெள்ளைத் துணிப் பைகள் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. பேராசிரியை ஒரு பையை எட்டிப் பிடித்து முடிச்சைப் பார்த்தார்.

"இது நீ போட்டதா?"

"ஆமா மேடம்."

"எதுக்குக் கட்டினே?"

"அவுத்துக் கீழ போட்டா பை மழையில வீணாப் போயிரும்லா." கொஞ்சம் நிறுத்தி, "பாதி அதுக்கு மேடம். பாதி, மாட்டிக்கிடக் கூடாதுன்னு" என்றான்.

செல்லப்பாண்டி பல்லைக் கடித்தார். பேராசிரியை பெனாசிரின் பக்கம் திரும்பினார். "நீ இவன்கிட்ட ஏதாவது கேக்கணும்னா கேளும்மா."

திட்டப் போகிறாள் என்று செல்லப்பாண்டி எதிர்பார்த்தார். பெனாசிருக்கு அழுது முடித்த குரல்.

"தம்பி, எத்தனை பழத்துல புழு இருக்குன்னு வெட்டிப் பாக்கத்தான் இதைக் கட்டி வச்சேன். நீ சாப்பிட்டியே, புழு இருந்துச்சா?"

இசக்கிராஜ் விழித்தான். "பாக்கலக்கா. இருட்டுல தின்னோம்."

"ஒண்ணைக்கூட வெட்டிப் பாக்கலையா?"

"இல்லக்கா. அப்படியே கடிச்சுத் தின்னுட்டோம்."

பெனாசிர் காலிப் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினாள். இசக்கிராஜ் பார்த்துக்கொண்டே நின்றான். விடுதியைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று செல்லப்பாண்டி சொன்னபோது அழாதவன், இப்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அக்கா, இப்ப என்னக்கா செய்வீங்க?"

"அடுத்த காய்ப்பு வரைக்கும் காத்திருக்கணும். திரும்ப முதல்லேருந்து கட்டணும்."

"நானும் கட்டட்டுமா?"

பெனாசிர் பேராசிரியையைப் பார்த்தாள். பேராசிரியை செல்லப்பாண்டியைப் பார்த்தார். செல்லப்பாண்டிக்குத் தன் முதல் வழக்கு கண் முன்னாலேயே கை நழுவிப் போவது தெரிந்தது.

"இது தண்டனையே இல்ல மேடம். பசங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"சரி, அடுத்த அறுவடை வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். அன்னைக்கு என் முடிவுதான் முடிவு. அனுப்பணும்னு தோணினா அனுப்பிடுவேன்."

"அனுப்பு," என்றார் பேராசிரியை. அவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டது செல்லப்பாண்டிக்குப் பிடிக்கவில்லை.

பையன்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். இசக்கிராஜுக்குக் கொய்யா மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். மரம் பூத்தது, பிஞ்சு விட்டது. வகுப்பு முடிந்ததும் அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவதைச் செல்லப்பாண்டி விடுதி வாசலிலிருந்து பார்ப்பார். என்றைக்காவது போகாமல் இருப்பான், அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். அவன் அந்த வாய்ப்பைக் கொடுக்கவே இல்லை. காய்ச்சல் வந்த நாளில்கூடத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனான்.

அறுவடை நாள் வந்தது. விடிந்தும் விடியாமல் செல்லப்பாண்டியின் அறைக் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் இசக்கிராஜ். மூச்சு வாங்கியது.

"சார், துணிப் பை மரத்துல பழத்தைக் காணும் சார்!"

செல்லப்பாண்டிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "மறுபடியுமாடா?"

"ஐயோ, நான் இல்ல சார்! முதல் வருஷப் பையன் ஒருத்தன். கையும் களவுமாப் பிடிச்சு ரூம்ல உக்கார வச்சிருக்கேன். நல்லவேளை, ரெண்டு பழத்தோட போச்சு. வாங்க சார், மேடம்கிட்ட போவோம்."

தோட்டத்தில் பேராசிரியையும் பெனாசிரும் ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். பெனாசிர் பறித்து எடை போட்டுக் கொடுக்க, பேராசிரியை ஒவ்வொரு பழமாக வெட்டிப் புழு இருக்கிறதா என்று பார்த்தார். இசக்கிராஜ் நேராகப் போய் நின்றான்.

"மேடம், அந்தப் பையனை விடுதியை விட்டு அனுப்பணும்."

"அப்படியா?"

"பின்னே என்ன மேடம்? எத்தனை நாள் வேலை! பையைக்கூடத் திரும்பக் கட்டல. கிழிச்சுக் கீழ போட்டிருக்கான்!"

பெனாசிர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். செல்லப்பாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் குரலில் தன் குரலே கேட்டது. அது காதுக்கு அவ்வளவு நன்றாக இல்லை.

"ரெண்டு பழம்தானே?" என்றார் பேராசிரியை.

"அது வெறும் ரெண்டு பழமா மேடம்? தான் என்ன பண்ணினோம்னே அவனுக்குத் தெரியல."

"உனக்குத் தெரியுதா?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இசக்கிராஜ் வாயைத் திறந்தான். பிறகு பெனாசிரைப் பார்த்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது. 

பேராசிரியை அடுத்த பழத்தைக் கையில் எடுத்தார். "செல்லப்பாண்டி, இவன் விஷயத்தை இன்னைக்கு முடிக்கணும்னு சொன்னியே. அனுப்பிடலாமா?"

இசக்கிராஜ் திடுக்கிட்டு நிமிர்ந்தான். தன் வழக்கு இன்னும் முடியவில்லை என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. செல்லப்பாண்டி அவன் கையைப் பார்த்தார். நூலை இழுத்து இழுத்துக் கட்டைவிரல் ஓரம் காய்த்துப் போயிருந்தது. இத்தனை நாள் விடுதி வாசலில் நின்று தான் எதற்காகக் காத்திருந்தோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இவனை அனுப்பிட்டா அந்தப் பையனுக்கு யார் மேடம் சொல்றது?"

பேராசிரியை கையிலிருந்த பழத்தை இரண்டாக வெட்டி, உள்ளே நன்றாகப் பார்த்துவிட்டு, ஒரு பாதியை இசக்கிராஜிடம் நீட்டினார்.

"புழு இல்ல. சாப்பிடு."

அவன் தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டான். பேராசிரியை கூடையிலிருந்து இன்னொரு பழத்தை எடுத்து, கத்தியோடு சேர்த்து அவன் கையில் வைத்தார்.

"இதை அந்தப் பையன்கிட்ட கொண்டுபோய்க் குடு. திங்கறதுக்கு முன்னாடி வெட்டிப் பாக்கச் சொல்லு."